கொளஞ்சிநாதன் வாய் திறந்த கதை

கொளஞ்சிநாதன் அண்ணன் ஒரு ஷிப்டில் எத்தனை வார்த்தை பேசுவார் என்று எங்களுக்குள் பந்தயம் நடக்கும். தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும். நான் எப்போதும் பத்துக்குக் கீழேதான் சொல்லுவேன், எப்போதும் ஜெயிப்பேன். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே நான் குடித்த டீயில் பாதி, அவர் வாய் மூடியிருந்த புண்ணியத்தில் கிடைத்தது.

அவருக்கு வேலை பால் மில்லில். பால் என்றதும் மாட்டை நினைக்க வேண்டாம், இது இங்கிலீஷ் பால், உருண்டை. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதற்குள் களிமண், வெள்ளைக் கல், தண்ணீர், அவற்றை அரைக்கக் கூழாங்கற்கள். மோட்டாரைப் போட்டுவிட்டால் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். அரைத்து வருகிற கூழில்தான் கொலு பொம்மை, அகல், டீ கப், ஃபியூஸ் கட்டை எல்லாம் பிறக்கிறது. அந்தச் சத்தம் தகரக் கூரையில் கல்மழை விழுவது போல இருக்கும். மழையாவது நிற்கும். காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் ஒரு எழுத்து கேட்காது.

அதனால் அந்தக் கொட்டகையில் எல்லாருக்கும் கைதான் வாய். கட்டை விரலைக் கீழே கவிழ்த்தால் தண்ணீர் ஊற்று. உள்ளங்கையால் காற்றை அறுத்தால், 'போதும்' என்று அர்த்தம். முட்டியை மடக்கித் தூக்கினால் நிறுத்து. ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் ஓட்டு, இன்னும் ஓட்டு. எங்கள் முதலாளி ஆதிநாராயணன் இடது தோளில் மடித்த வெள்ளைத் துண்டு இல்லாமல் வெளியே வரமாட்டார். ஆகவே இரண்டு விரலால் இடது தோளை இரண்டு தடவை தட்டினால், 'முதலாளி வருகிறார், ஒழுங்காக நில்' என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைத்தான் கற்றுக்கொள்வோம். மற்றதெல்லாம் அப்புறம்.

கொளஞ்சிநாதன் அண்ணனுக்குச் சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம். நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு பத்தொன்பது வயதில் இங்கே வந்தார். பதினாலு வருஷமாக அதே பால் மில், அதே ஸ்டூல். காதும் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகிவிட்டது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டார், நாங்கள் திமிர் என்று நினைத்துக்கொள்வோம். ஷிப்டு முடியும்போது மட்டும் அடுத்த ஆளிடம் வாயைத் திறந்து ஒப்படைப்பார்: "மணி ரெண்டு. தண்ணி ஊத்தியாச்சு. பெல்ட்டு சரி. கல்லு போட்டாச்சு. நாலு மணி நேரம் பாக்கி." அவ்வளவுதான். அன்றைக்கு அவர் கோட்டா முடிந்தது.

வேல்விழியைக் கட்டிக்கொண்டு வந்தபோது எங்களுக்கெல்லாம் பயங்கரச் சிரிப்பு. அவள் ஸ்ரீமுஷ்ணத்துக்காரி. வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவளின் நாத்தனார் கதை வரைக்கும் இறங்குவதற்குள் வாங்கிவிடுவாள். 'பாவம்டி, சுவத்துக்குக் கட்டிக் குடுத்துட்டாங்க' என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அவளும் அதே கொட்டகையில் அச்சு தூக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். முதலாளி கொடுத்த லைன் வீட்டில் ஒரு அறை. அதன் பின் சுவரும் பால் மில் கொட்டகையின் சுவரும் ஒன்றே. மில் ஓடினால் அலமாரியில் தட்டுகள் கிடுகிடுக்கும், மாட்டியிருக்கிற சாமி படம் ஆடும். ஆறு மாதம் அவள் கத்திக் கத்திப் பேசிப் பார்த்தாள். தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஒரு வருஷத்தில் அவளும் வீட்டிலேயே கையால் பேசக் கற்றுக்கொண்டாள். சோறு வைக்கவா, போதும், தண்ணி, படுத்துக்கோ. சண்டைகூடக் கையாலேயே போட்டார்கள் என்று கேள்வி.

அவர்களுக்குப் பிறந்தவள் தமிழினி. பெயர் வைத்தது வேல்விழி. பிள்ளையைக் கொட்டகை மூலையில் விட்டுவிட்டுத்தான் இரண்டு பேரும் வேலை பார்த்தார்கள். ஒரு வயதில் நடந்தாள். ஒன்றரை வயதில் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டாள். இரண்டு வயது தாண்டியும் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அம்மா இல்லை, அப்பா இல்லை, பசி இல்லை. அழுவாள், சிரிப்பாள், அவ்வளவுதான். லைன் வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நாக்குத் தடிப்பு என்றாள் ஒருத்தி. போனைக் கொடு, அதில் பாட்டுப் பார்த்தால் பேசிவிடும் என்றாள் இன்னொருத்தி. போனில் பாட்டுப் பார்த்துப் பார்த்து பிள்ளை கண்ணைக் கசக்கியது, பேசவில்லை. "பேரு தமிழினி, வாயில ஒரு தமிழு இல்ல" என்று யாரோ கேலி பண்ணியதை வேல்விழி என்னிடம் சொல்லி அழுதாள். சொன்னவள் யாரென்று தெரிந்திருந்தால் அன்றைக்கே நாலு கேட்டிருப்பேன்.

அதிலிருந்து வேல்விழிக்கு ஒரே வேலை. பிள்ளையை மடியில் உட்கார வைத்து, தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "பேசு தங்கம். பேசு. அம்மா சொல்லு, பேசு" என்பாள். காலையில் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை, மருந்து கொடுப்பது மாதிரி. பிள்ளை அவள் வாயைப் பார்க்கும், அவள் கண்ணைப் பார்க்கும், பிறகு இறங்கி ஓடிவிடும்.

கொளஞ்சிநாதனோ, பிள்ளை தூங்கும்போது அதன் காதுக்குப் பக்கத்தில் சொடக்குப் போட்டுப் பார்ப்பார் என்று வேல்விழி சொன்னாள். தன் காது மந்தம் பிள்ளைக்கும் வந்துவிட்டது என்று அந்த மனுஷன் தீர்மானம் பண்ணியிருந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்று அவள் சொன்னபோதெல்லாம் முட்டியை மடக்கித் தூக்கினாராம். நிறுத்து. போனால் உறுதியாகிவிடுமே என்ற பயம்.

இந்த இடத்தில் என் முட்டாள்தனத்தையும் சொல்லியாக வேண்டும். என் பெயர் பூர்ணிமா. அப்போது மில் வேலையை விட்டு, தொழிற்பேட்டைக்குப் பின் தெருவில் இருக்கிற அங்கன்வாடியில் சமையல் உதவியாளராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வேல்விழி அழுதுகொண்டு வந்து நின்றபோது, நான்தான் சொன்னேன்: "மணவாளநல்லூரு போயி கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிடு."

எங்கள் ஊர்ப் பக்கம் அது வழக்கம். போலீஸ் கேட்காத வழக்கை சாமி கேட்கும். நகை காணோம், பங்காளி ஏமாற்றினான், பிள்ளை வீட்டை விட்டுப் போய்விட்டான், எதுவானாலும் கலெக்டருக்கு மனு எழுதுவது போல ஒரு தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, வெளியே முனியப்பர் முன்னால் இருக்கிற வேலில் கட்டிவிட்டு வருவோம். மூன்று நாளில், இல்லாவிட்டால் மூன்று வாரத்தில், போனால் போகிறது என்று மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பது நம்பிக்கை. வழக்கு தீர்ந்தால் மறுபடி போய்ப் பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். தீராமல் திரும்ப வாங்கக் கூடாது.

மனு எழுதியது நான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எனக்கு ஒரு கர்வம். வேல்விழி சொல்லச் சொல்ல எழுதினேன். சேத்தியாத்தோப்பில் இருக்கிற நாத்தனார் கண் வைத்துவிட்டாள் என்று அவளுக்குச் சந்தேகம், ஆனால் பெயர் போடப் பயம். "யாருன்னு நீயே கண்டுபுடின்னு எழுதுங்கக்கா" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் நீளம் கைக்கும் உண்டு. 'என் மகள் தமிழினியின் வாயைக் கட்டியவர் எவராயிருந்தாலும், தாங்கள் இரக்கம் காட்டாமல், மூன்று மாதத்துக்குள் தக்க தண்டனை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்தேன். 'இரக்கம் காட்டாமல்' என்பது நானே சேர்த்தது. படித்துக் காட்டியபோது வேல்விழிக்கு உடம்பு சிலிர்த்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

பிராது கட்டி ஆறு வாரம் ஆனது. சேத்தியாத்தோப்பு நாத்தனார் நன்றாகத்தான் இருந்தாள். பிள்ளை பேசவில்லை. அதற்குள் தமிழினியை எங்கள் அங்கன்வாடியில் சேர்த்தார்கள்.

எங்கள் டீச்சர் திரௌபதி நல்லவர், பொறுமைசாலி. இரண்டாவது வாரமே என்னைச் சமையலறையில் வந்து பார்த்தார். "பூர்ணிமா, அந்தப் புள்ளகிட்ட என்னமோ இருக்குதும்மா. பாட்டுச் சொல்லி முடிச்சா, என் மூஞ்சியப் பாத்து வெரலச் சுத்திக்கிட்டே இருக்குது. நிறுத்தவே மாட்டேங்குது. நான் வேற பக்கம் திரும்புனா அழுவுது. பேச்சும் இல்ல. எதுக்கும் டாக்டர்கிட்ட எழுதிக் குடுத்துடலாமா?" என்றார். எழுதிக் கொடுத்தால் வேல்விழி என்ன ஆவாள் என்று நினைத்துக்கொண்டே சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

அடுத்த நாள் காலை. பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து நான் தட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். தமிழினி வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வெளியே ஸ்கூட்டி வந்து நின்றது. எங்களைச் சோதனை பண்ண வரும் மேற்பார்வையாளர் அம்மா இறங்கினார். டீச்சர் சட்டென்று எழுந்து சேலையைச் சரிசெய்தார். தமிழினி டீச்சரைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, இரண்டு விரலால் தன் இடது தோளை இரண்டு தடவை தட்டினாள்.

நான் கரண்டியைக் கீழே வைத்து, முந்தானையை இழுத்துச் செருகி, முதுகை நிமிர்த்தி நின்றேன். நின்ற பிறகுதான் எனக்கே புரிந்தது. யோசித்துச் செய்யவில்லை. ஆறு வருஷப் பழக்கம், உடம்பு தானாகச் செய்தது. முதலாளி வருகிறார், ஒழுங்காக நில். அந்தப் பிள்ளை எனக்குச் சொல்லிவிட்டது, நானும் கேட்டு நடந்துவிட்டேன்.

மேற்பார்வையாளர் அம்மா ரிஜிஸ்தரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. தமிழினி முன்னால் போய்க் குந்தினேன். கட்டை விரலைக் கீழே கவிழ்த்துக் காட்டி, புருவத்தை உயர்த்தினேன். தண்ணி வேணுமா? அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. இத்தனை நாள் இந்தப் புது இடத்தில் தன் பாஷை தெரிந்தவர் ஒருத்தர்கூட இல்லை என்று இருந்தவள் பார்க்கிற பார்வை. உள்ளங்கையால் காற்றை அறுத்தாள். போதும். பிறகு டீச்சரைக் காட்டினாள், விரலைச் சுழற்றினாள். டீச்சர் பாட்டை இன்னொரு தடவை ஓட்டு. இரண்டு வாரமாக அவள் கேட்டது அதைத்தான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதிகாரி முன்னால் அழுவதா என்று டீச்சர் முறைத்தார். வெங்காயம் என்றேன். அன்றைக்கு வெங்காயமே இல்லை.

மதியம் வேலை முடிந்ததும் லைன் வீட்டுக்கு ஓடினேன். மில் நின்றிருந்தது, கரண்ட் இல்லை. இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். கொளஞ்சிநாதன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எப்பவும் பண்றதுதானேக்கா" என்றாள் வேல்விழி. "தண்ணி கேக்கும், போதுங்கும், டீக்கடைக்குத் தூக்கிட்டுப் போவச் சொல்லும். எல்லாந்தான் சொல்லும். பேசத்தான் மாட்டேங்குது."

"அடிப்பாவி, எல்லாம் சொல்லுதுங்கற, பேசலங்கற. வூட்டுல நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசறீங்களோ அப்படித்தான் அதுவும் பேசுது. நீங்க குடுத்தத அது எடுத்துக்கிச்சு. வாயால எப்படி வரும்? நீங்க வாயக் குடுக்கவே இல்லையே!"

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகத்தான் சொல்லிவிட்டேன். வேல்விழி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே உதறினாள். "நான் அதுகிட்டப் பேசறதே காலைல ரெண்டு நிமிஷம், சாயந்தரம் ரெண்டு நிமிஷம்" என்றாள் மெதுவாக. "அதுவும் பேசு பேசுன்னுதான். வேற ஒண்ணும் பேசுனதில்லக்கா." பிறகு எச்சில் கையோடு எழுந்துவிட்டாள். "அக்கா, பிராது!"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வாயைக் கட்டியவர் எவராயிருந்தாலும். இரக்கம் காட்டாமல்.

"எங்க மேலயே கட்டிட்டு வந்துட்டேனே. நாத்தனார நெனச்சுக் கட்டுனேன், அது எங்க தலையில வந்து நிக்குதே. தீராமத் திரும்ப வாங்கவும் கூடாதே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். இனி அந்தப் பிள்ளை மூன்று மாதத்துக்குள் வாயால் பேசியாக வேண்டும். இல்லாவிட்டால் தண்டனை தன் புருஷனுக்கோ தனக்கோ என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். எழுதிய கை என்னுடையது, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளே மூன்று பேரும் கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், நானும் லீவு போட்டுக் கூடப் போனேன். பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். கொளஞ்சிநாதன் அதை மூன்று முறை சொல்ல வைத்தார். அவருக்குத்தான் இரண்டு காதிலும் பாதிக்கு மேல் போயிருந்தது. நான் கைச் சமாசாரத்தைச் சொன்னேன். டாக்டரம்மா தமிழினியோடு கொஞ்ச நேரம் விளையாடினார். கட்டை விரலைக் கவிழ்க்க அவரும் கற்றுக்கொண்டார்.

"கையால பேசறத தடுக்காதீங்க. அதுவும் பேச்சுதான், நல்ல புத்திசாலிப் பொண்ணு" என்றார். "கையோட சேத்து வாயாலயும் சொல்லுங்க. குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, துணி மடிக்கும்போது, என்ன செய்யறீங்களோ அதச் சொல்லுங்க. அவ ஏதாவது காட்டினா பதில் சொல்லுங்க. தினமும். சத்தமில்லாத எடத்துல." எத்தனை நாளில் பேசுவாள் என்று வேல்விழி கேட்டாள். ஆறு வாரத்துக்குள் பேசிவிடுவாளா என்று கேட்டாள். அப்படிக் கணக்குச் சொல்ல முடியாதும்மா என்றார். வேல்விழியின் கை என் கையை இறுக்கியது.

அந்த வாரமே லைன் வீட்டைக் காலி பண்ணி, எங்கள் அங்கன்வாடித் தெருவில் ஓர் அறைக்கு வந்துவிட்டார்கள். முதலாளி முகம் சுளித்தார். கொளஞ்சிநாதன் கவலைப்படவில்லை. வேல்விழிக்குப் பேச்சு சீக்கிரம் திரும்பி வந்துவிட்டது, அது அவளுடைய சொத்து. சிக்கல் அவருக்குத்தான். ஒரு சாயந்தரம் நான் போனபோது பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார், வாய் மூடியே இருந்தது.

"என்னாண்ணே, டாக்டரம்மா என்னா சொன்னாங்க?"

"பேசறதுக்கு என்னா இருக்குது?"

"இட்லின்னு சொல்லுங்க."

"அதான் தெரியுதே. கண்ணு முன்னாடி இருக்கறத எதுக்குச் சொல்லணும்?"

உண்மையாகத்தான் கேட்டார். பார்க்க முடிகிற ஒன்றை வாயால் சொல்வது அவருக்கு வீண் வேலை. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "ஷிப்டு முடிஞ்சா மட்டும் மணி ரெண்டு, பெல்ட்டு சரின்னு ஒப்பிக்கிறீங்களே, அதுவும் கண்ணு முன்னாடி இருக்கறதுதானே? அந்த மாதிரி சொல்லித் தொலைங்களேன்!" என்று கத்திவிட்டு வந்தேன். எரிச்சலில் சொன்னதுதான், யோசனையாகச் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை அங்கன்வாடிக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். அவர் குரல் தெரு முழுக்கக் கேட்டது. காது மந்தம் ஆனதால் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. "மணி ஏழு! தமிழினி மூஞ்சி கழுவியாச்சு! பல்லு வெளக்கியாச்சு! இட்லி ரெண்டு! ஒண்ணு முடிஞ்சுது! ஒண்ணு பாக்கி!"

தெருவில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் வேலைக்குப் போகும் முன்னால் வேல்விழியிடம் பிள்ளையை ஒப்படைப்பார்: "மணி எட்டு. ஜட்டி மாத்தியாச்சு. ஒரு தடவ அழுதுது. காக்கா காட்டினேன், நிறுத்திடுச்சு." சாயந்தரம் வேல்விழி அவரிடம் ஒப்படைக்க வேண்டும், அதுவும் சட்டம். பிள்ளை நடுவில் நின்று இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்க்கும். ஷிப்டு இல்லாத நாளில் சைக்கிளில் வைத்து ரயில்வே கேட்டுக்குப் போவார். "கூட்ஸு வண்டி. பொட்டி நெறைய. போவுது, போவுது. போயிடுச்சு." தமிழினி விரலைச் சுழற்றுவாள். "இன்னொண்ணு வரணுமா? வரும். இரு. இன்னும் வரல." கைக்குக் கையும் வாய்க்கு வாயுமாகப் பதில் சொல்வார். தெருக்காரர்கள் அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்தார்கள். பதினாலு வருஷம் பத்து வார்த்தைக்குள் ஓட்டிய மனுஷனுக்கு ரேடியோ! எனக்கு அந்த மனுஷன் மேல் வந்த மரியாதையைச் சொல்லி முடியாது.

ஆனால் பிள்ளை பேசவில்லை. சிரித்தாள், கை இன்னும் வேகமாகப் பேசியது, உதடு சில சமயம் குவிந்தது, சத்தம் வரவில்லை. மூன்று வாரம் போனது. ஐந்து வாரம் போனது. வேல்விழி சாப்பிடுவதைக் குறைத்தாள். கொளஞ்சிநாதனுக்கு ஒரு நாள் மில்லில் வழுக்கிக் கால் சுளுக்கியது. தண்டனை ஆரம்பமாகிவிட்டது என்று அவள் என் வீட்டுக்கு வந்து அழுதாள்.

மூன்று மாதம் முடிய ஒரு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. "இன்னொரு மனு எழுதிக் குடுங்கக்கா, கெடு கேட்டு" என்று வேல்விழி தாளும் பேனாவுமாக நின்றாள். நான் வாங்கப் போனேன். கொளஞ்சிநாதன் உள்ளங்கையால் காற்றை அறுத்தார். பிறகு நினைவு வந்து வாயாலும் சொன்னார். "போதும். எழுத வேணாம். நானே சொல்றேன்."

நான்கு பேரும் மணவாளநல்லூர் போனோம். அவர் கால் சுளுக்கோடு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேலுக்கு முன்னால் போய் நின்றார். கட்டியிருந்த நூற்றுக்கணக்கான தாள்களில் என் கையெழுத்து எங்கேயோ இருந்தது.

"சாமி" என்று ஆரம்பித்தார். குரல் பெரிதாக வந்தது, சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். அவருக்கு அது தெரியவில்லை. "நான் கொளஞ்சிநாதன். உன் பேருதான் வச்சிருக்காங்க. பால் மில்லு ஆப்பரேட்டரு. பதினாலு வருஷம். இந்தப் பிராதுல பேரு எழுதல. என் பேர எழுதிக்க. எம் பொண்டாட்டி வரும்போது நல்லா பேசிக்கிட்டுதான் வந்தா. நான் பதில் சொல்லாம சொல்லாம அவ வாயயும் அடச்சுட்டேன். இந்தப் புள்ள ரெண்டு வருஷமா எங்கிட்டப் பேசிக்கிட்டுதான் இருந்திருக்குது. எனக்குத்தான் அது பேச்சுன்னு தெரியல. கண்ணு முன்னாடி இருக்கறத எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன். என்னயக் கேளு. அவளக் கேக்காத. புள்ளயக் கேக்காத. காத எடுத்துக்கிட்ட, இன்னும் என்னா வேணுமோ எடுத்துக்க. புள்ளைக்கு மட்டும்..."

அதற்கு மேல் வரவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் நின்றுவிட்டது. வேல்விழி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இடுப்பில் இருந்த தமிழினி இத்தனை நேரமும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நின்றுவிட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை. சின்னக் கையால் அவர் தாடையைப் பிடித்து, முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள், அவள் அம்மா தனக்குச் செய்கிற அதே மாதிரி. மறு கையின் ஆள்காட்டி விரலைச் சுழற்றினாள்.

"ப்பா" என்றாள். "பேசு."

அவருக்குக் கேட்டதோ, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாரோ, தெரியாது. தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வேலுக்கு நேராக நிமிர்ந்து நின்று, அடுத்த ஆளிடம் ஷிப்டு ஒப்படைக்கிற அதே குரலில் சொன்னார்.

"மணி பத்தே கால். தமிழினி பேசியாச்சு."